கழற்ற முடியாத அலங்காரம்

பழைய அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நிம்மதியாக வீடு திரும்பி ரொம்ப நாளாகிறது. கும்பிடத்தான் போகிறேன், கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன். ஆனால் திரும்பும் வழியெல்லாம் வயிறு எரிகிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக மழையும் வெயிலும் படையெடுப்பும் பஞ்சமும் தாண்டி நின்றவளை, நம் காலத்தில், நம் கண்முன்னால், நம் காசைக் கொண்டே மூடிக்கொண்டிருக்கிறோம். எதிரி யாரும் செய்யவில்லை. பக்தர்கள்தான் செய்கிறோம். அதனால்தான் இதை யாரிடம் போய்ச் சொல்வது என்றும் தெரியவில்லை.

கொள்ளிடக்கரையில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் மோசமானவர்கள் இல்லை. இதே காரியம் எத்தனையோ ஊர்களில் நடந்திருக்கிறது. ஊருக்கு வடக்கே செல்லியம்மன் கோயில். உள்ளே வரிசையாக ஏழு பேர், வடக்குப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். சப்தமாதர். முற்காலச் சோழர் கைவேலை. முதல்முறை போனபோது ஓட்டுக் கூரைக்குக் கீழே எண்ணெய் ஊறிக் கறுத்த கல்லாகத்தான் இருந்தார்கள். பூசாரி கற்பூரத் தட்டை ஒவ்வொருவர் முன்னாலும் ஏற்றி இறக்கிக்கொண்டே போக, வெளிச்சம் போன இடமெல்லாம் முகம் முகமாக விழித்தது. பிராமியின் மூன்று முகங்கள், மாகேசுவரியின் சடைக்கட்டு, வைஷ்ணவியின் பின்கைகளில் சங்கும் சக்கரமும், வாராகியின் பன்றி மூக்கு, கடைசியில் சாமுண்டியின் தீ மாதிரி விரிந்த தலைமுடி. ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டிருப்பார்கள். தொங்கவிட்ட காலில் தண்டை. சாமுண்டியின் பாதத்தடியில் சின்னதாக ஒரு பிணம் மல்லாந்து கிடக்கும். அதன் விலா எலும்புகளைக்கூடச் சிற்பி விட்டுவைக்காமல் செதுக்கியிருந்தான். கௌமாரியின் உதட்டோரத்தில் சிரிப்பா இல்லையா என்று சொல்ல முடியாத ஒன்று. அந்தக் கோயிலை விட்டு வர மனசே இல்லை.

போன வருஷம் மறுபடி போனேன். கும்பாபிஷேகம் முடிந்து சில மாதம் ஆகியிருந்தது. ஏழு பேருக்கும் எனாமல் பெயின்ட். உடம்புக்கு ரோஸ் நிறம், உதட்டுக்குச் சிவப்பு, புடவைக்கு ஆளுக்கொரு நிறம், நகைக்குத் தங்க நிறம். கண்ணுக்கு மை தீட்டி, புருவம் வளைத்து, இமைமயிர்கூட வரைந்திருந்தார்கள். ஏழு பேருக்கும் ஒரே முகம். சிற்பி ஏழு விதமாகச் செதுக்கியதைப் பெயின்டர் ஒரே பிரஷ்ஷில் ஒன்றாக்கிவிட்டார். கௌமாரியின் உதட்டோரத்தைத் தேடினேன். சிவப்புப் பெயின்ட் அங்கே வழிந்து கட்டியாக நின்றிருந்தது. சுவரில் தோளுயரத்துக்குப் பூப்போட்ட டைல்ஸ், தரையிலும் டைல்ஸ். தரையை உயர்த்தியதில் தொங்கவிட்ட பாதங்கள் கணுக்கால்வரை சிமென்டுக்குள் போய்விட்டன. தண்டை இல்லை, விரல் இல்லை. சாமுண்டியின் காலடியில் கிடந்த அந்தச் சின்ன உருவமும் உள்ளே.

பூசாரி சின்னப் பையன், அப்பாவுக்குப் பிறகு வந்தவர். கேட்டேன்.

“தம்பி, பெயின்ட் அடிக்க யார் சொன்னது?”

“உபயதாரர்தாங்க்கா. கல்லு கறுப்பா, பாக்க ஒரு மாதிரி இருக்குன்னாங்க. இப்பப் பளிச்சுனு இருக்குல்ல?”

“காலெல்லாம் எங்கே தம்பி?”

அவர் குனிந்து பார்த்தார். அதுவரை கவனித்திருக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. “தரைய ஒசத்துனாங்கள்ல... அதுல போயிருச்சு போலக்கா” என்றார். அவர்மேல் கோபப்பட என்ன இருக்கிறது? மாதம் அவருக்குக் கிடைப்பது எண்ணெய்க்கும் திரிக்குமே கட்டாது. தட்டில் விழுவதை வைத்துக்கொண்டு அவளுக்கு விளக்கேற்றுகிறவர் அவர்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். “அம்மனுக்கு அலங்காரம் வேண்டாம் என்கிறீர்களா? கல்லாகப் பார்க்க இது என்ன மியூசியமா?” நான் அலங்காரத்துக்கு எதிரி இல்லை. ஆடி வெள்ளியில் சந்தனக்காப்பில் அம்மனைப் பார்க்கக் கூட்டத்தில் இடிபட்டு நின்றவள் நான். மஞ்சள்காப்பு, குங்குமக்காப்பு, பட்டுப்புடவை, எலுமிச்சை மாலை, வெள்ளிக் கவசம் எல்லாம் அவளுக்கு உரியவை. ஆனால் இவை அத்தனைக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. எல்லாம் கழன்றுவிடும். மறுநாள் காலையில் எண்ணெய் சாற்றி, மாப்பொடி தூவி, தண்ணீர் விட்டால் அவள் பழையபடி அவளாக நிற்பாள். சாற்றுவதும் களைவதுமாகத்தான் பூஜையே நடக்கிறது. எனாமல் கழலாது, சிமென்டும் டைல்ஸும் கழலாது. ஒரு தலைமுறை ஆசைப்பட்டுப் போட்ட அலங்காரத்தை அடுத்தடுத்த தலைமுறைகள் சுமந்தே தீரவேண்டும்.

மேனி தாங்காத அம்மனை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதும் நம் கோயில்களுக்குத் தெரியாததல்ல. தஞ்சாவூர் பக்கம் புன்னைநல்லூர் மாரியம்மன் புற்றுமண்ணால் ஆனவள். மூலவருக்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மண்டலம் தைலக்காப்பு நடக்கும். அந்த நாள்களில் மூலவரின் நேர் தரிசனம் இருக்காது. அத்தனை பெரிய கூட்டம் வரும் கோயில். ஆனாலும் ஊர் பொறுத்துக்கொள்கிறது. மண்ணுக்கு எது ஆகும், எது ஆகாது என்று யாரோ ஒருவர் யோசித்து முறை வகுத்தார், பின்னால் வந்தவர்கள் அந்த முறையை மீறவில்லை. மண் மேனிக்குக் காட்டுகிற இந்தப் பதவிசு கல் மேனிக்கு ஏன் இல்லை? கல்தானே, என்ன ஆகிவிடும் என்ற நினைப்புதான் காரணம்.

கல்லுக்கும் ஆகும். வெயிலில் காய்ந்து மழையில் நனைந்து, உள்ளே போன ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டுதான் கல்கட்டடம் நிற்கிறது. பழைய கோயில்களில் கல்லுக்கும் செங்கல்லுக்கும் பயன்பட்டது சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டு அரைப்பார்கள். அந்தக் காரை ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது, கட்டடம் அசைந்தால் கொஞ்சம் இடம் கொடுக்கும். சிமென்ட் அப்படி இல்லை. இறுகி நிற்கும், ஈரத்தை அடைக்கும், அதிலுள்ள உப்பு பக்கத்துக் கல்லிலும் செங்கல்லிலும் பூத்து மேல்பரப்பைப் பொருபொருவென்று உதிர்க்கும். எனாமலும் ஈரத்தை அடைக்கத்தான் செய்யும். பிறகு அது தோல் உரியும்போது, நைந்துபோன கல்லாக இருந்தால் சிற்பத்தின் மேல்தோலும் கூடவே வரும். தரையை உயர்த்தினால் முற்றத்து மழைத்தண்ணீர் கருவறைப் பக்கம் திரும்பும். கோயில் அடித்தளத்தின் வரிகளான ஜகதியும் குமுதமும் மண்ணுக்குள் போகும். கோயிலின் அழகு போவது ஒரு பக்கம், ஆயுளே போகிறது.

எல்லாவற்றிலும் கொடுமை மணல் வீச்சு. எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்புப் பூச்சும் போகவேண்டும் என்று இயந்திரத்தை வைத்து மணலை வேகமாகக் கல்மேல் பீய்ச்சி அடிப்பார்கள். அடித்த அன்றைக்குக் கல் வெள்ளைவெளேரென்று புதிதாகத் தெரியும். வந்தவர்கள் எல்லாம் பிரமாதம் என்பார்கள். சிற்பி கடைசியாகத் தேய்த்து வழவழப்பாக்கிய பரப்பு அன்றோடு போய்விடும். உளித்தடம் போகும், ஆபரணத்தின் மணிகள் மழுங்கும், எழுத்தின் ஓரங்கள் கரையும். சொரசொரப்பான கல்லில் தூசியும் பாசியும் முன்பைவிடச் சீக்கிரம் பிடிக்கும். அதனால் அடுத்த திருப்பணியில் மறுபடியும் அடிக்கத் தோன்றும். இது கூடாது என்று தடை வந்த பிறகும் நடந்திருக்கிறது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் புராதனக் கோயில்களையும் சின்னங்களையும் காப்பது பற்றி 75 கட்டளைகள் கொண்ட தீர்ப்பைத் தந்தது. படித்தபோது மனசு குளிர்ந்தது. ஆனால் கொள்ளிடக்கரைச் செல்லியம்மனுக்குப் பெயின்ட் டப்பாவோடு வந்தவர் கையில் அந்தத் தீர்ப்பு இருந்திருக்காது. அவரிடம் அதை எடுத்துச் சொல்ல ஊரில் ஒரு ஆள் இருந்திருக்கவும் மாட்டார்.

உபயதாரர்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. கொடுக்கும் மனசு பெரிய மனசுதான். ஆனால் கொடுப்பது கண்ணுக்குத் தெரியவேண்டும், பெயர் அதில் ஏறவேண்டும் என்ற ஆசையில்தான் எல்லாம் தடம் மாறுகிறது. டியூப்லைட்டில் பெயர், கிரில் கேட்டில் பெயர், டைல்ஸ் சுவரில் கிரானைட் பலகை வைத்துக் குடும்பத்தார் அத்தனை பேர் பெயரும். பெயர் போட்டுக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை. கல்வெட்டு என்பதே பெரும்பாலும் உபயக் கணக்குதானே. திருப்பரங்குன்றம் குடைவரையில் ஒரு கல்வெட்டு, கலியாண்டு 3874, அதாவது பொ.ஆ. 773. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அதிகாரி சாத்தன் கணபதி திருப்பணி செய்த செய்தி அதில் இருக்கிறது. கூடவே அவர் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்த செய்தியும் இருக்கிறது. 1250 வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் இரண்டு தேவியருக்கு இடம் செய்து தந்தாள் என்று நமக்குத் தெரிவது அவள் பெயர் கல்லில் ஏறியதால்தான். சோழ நாட்டில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு கொடுத்தார்கள். ஆட்டை வாங்கிக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். யார் கொடுத்தது, யார் பொறுப்பு என்று எல்லாம் கல்லில் எழுதிவைத்து, இந்தத் தர்மத்தைக் காப்பவர் திருவடி தன் தலைமேல் என்று முடித்தார்கள். பின்னால் வரப்போகும், முகம் தெரியாத நம் காலைத் தங்கள் தலையில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தவர்கள் அவர்கள். அந்த எழுத்தின் மேல்தான் நாம் டைல்ஸ் ஒட்டுகிறோம். ஒரு உபயதாரரின் பெயரை வைக்க இன்னொரு உபயதாரரின் பெயரைப் புதைக்கிறோம்.

பழையதைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவது எல்லாக் காலத்திலும் உண்டுதானே என்று கேட்பவர்களுக்குச் செம்பியன் மாதேவியைச் சொல்கிறேன். கண்டராதித்த சோழரின் தேவி, உத்தம சோழனின் தாய். சின்ன வயதில் கணவனை இழந்து, மீதி வாழ்நாளெல்லாம் செங்கல் கோயில்களைக் கற்றளியாக்குவதிலேயே கழித்தவர். திருக்கோடிகாவலில் பழைய கோயிலைப் பிரிக்கும்போது அங்கே இருந்த கற்களில் முந்தைய காலத்துக் கல்வெட்டுகள் இருந்தன. அந்த அம்மா என்ன செய்தார்? அவற்றைப் படித்துப் படி எடுக்கச் சொல்லி, புதுச் சுவரில் மறுபடி வெட்டவைத்தார். இது பழைய கல்லில் இருந்ததன் படி என்ற குறிப்போடு. பல்லவர் காலத்து யாரோ ஒருவர் கொடுத்த விளக்கு அவருக்கு என்ன உறவு? ஆனாலும் அந்தத் தர்மம் தன் கையால் அழியக்கூடாது என்று நினைத்தார். அச்சு இயந்திரம் இல்லை, கேமரா இல்லை, பத்தாம் நூற்றாண்டு. இன்றைக்கு எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் சுவரை நாலு போட்டோ எடுத்து வைக்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

இந்த ஆதங்கத்தில் புதிதாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சில வருஷமாக எங்கே பார்த்தாலும் வாராகி வழிபாடு. பஞ்சமி என்றால் கூட்டம் தாங்குவதில்லை. வாராகியைக் கும்பிடுவதில் எனக்கு என்ன வருத்தம், சந்தோஷம்தான். ஆனால் சப்தமாதர் வரிசையில் அவள் ஐந்தாவதாக, அக்காதங்கைகளோடு உட்கார்ந்திருப்பவள். இப்போது அவளுக்கு மட்டும் கிரில், அவளுக்கு மட்டும் மாலை, அவளுக்கு மட்டும் தேங்காய்மூடியில் நெய்விளக்கு. அந்த விளக்குகளைப் பீடத்தின் மேலேயே, மடியின் மேலேயே ஏற்றிவிடுகிறார்கள். நெருப்புச் சூடு பட்டுப் பட்டுக் கல் செதில் செதிலாக விடும். கரி படிந்தால் அடுத்த திருப்பணியில் மணல் வீச்சுக்குக் காரணம் ஆகும். இரண்டடி தள்ளி ஒரு தகரத் தட்டு வைத்து அதில் ஏற்றினால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். மற்ற ஆறு பேரும் ஆளுக்கு ஒரு பூகூட இல்லாமல் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

சேட்டையின் கதி இதைவிட மோசம். நக்கன் கொற்றி கோயில் எடுத்தாளே, அந்த மூத்த தேவிதான். பெருவயிறும் காக்கைக் கொடியும், ஒரு பக்கம் மாட்டுத் தலை மகனும் மறுபக்கம் மகளுமாக உட்கார்ந்திருப்பாள். காஞ்சி கைலாசநாதர் கோயிலில்கூட அவளுக்கு இடம் இருக்கிறது. பிறகு எப்போதோ அவளைக் கண்டால் ஆகாது என்று முடிவுகட்டிவிட்டோம். எத்தனை ஊர்களில் குளக்கரையிலும் வேப்பமரத்தடியிலும் பாதி மண்ணுக்குள் கிடக்கிறாள். பெயின்ட்காரர் கையில் சிக்காதது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம்.

அப்படியானால் எல்லாவற்றையும் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைக்கவேண்டியதுதானா? அதற்கும் என் மனசு ஒப்பவில்லை. மாமல்லபுரத்தில் மகிஷாசுரமர்த்தினி குடைவரைக்கு எப்போது போனாலும் நேரம் போவதே தெரியாது. ஏழாம் நூற்றாண்டு. சிங்கத்தின் மேல் உட்கார்ந்து வில்லை நாணேற்றி முன்னால் பாய்கிறாள், எருமைத்தலை அசுரன் கதையோடு பின்வாங்குகிறான். ஒரு துளிப் பெயின்ட் கிடையாது, ஒரு சதுர அடி டைல்ஸ் கிடையாது. எந்த ரேகையும் மறையாமல் பார்க்கலாம். ஆனால் அங்கே அவளுக்கு ஒரு விளக்கு இல்லை, ஒரு முழம் பூ இல்லை. நம் அம்மாவை இப்படி ஒரு தடுப்புக்கு அப்பால் வைத்துப் பார்க்க எனக்குச் சங்கடமாகவே இருக்கும். விளக்கு எரியும் இடத்தில் முகம் இல்லை, முகம் இருக்கும் இடத்தில் விளக்கு இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது அப்படி ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. கொள்ளிடக்கரையின் அந்த ஏழு பேரும் போன திருப்பணிவரைக்கும் அப்படித்தானே இருந்தார்கள்?

அதிகம் செலவில்லாமல் செய்யக்கூடியதைச் செய்யவே ஆளில்லை என்பதுதான் இன்னும் வேதனை. விமானத்தில் முளைத்த அரசங்கன்று ஒரு சாண் இருக்கும்போதே வேரோடு எடுத்தால் கல் விலகாது. முற்றத்துத் தூம்பு அடைத்திருக்கிறதே, அதைக் குத்திவிட்டால் தண்ணீர் தேங்காது. மடைப்பள்ளிக் கூரையில் ஓடு மாற்றினால் போதும். இதற்கெல்லாம் யாரும் உபயம் எழுத மாட்டேன் என்கிறார்கள், ஏனென்றால் தூம்பில் பெயர் போட முடியாது. நான் இப்போது எந்தக் கோயில் ரசீதுப் புத்தகம் நீட்டினாலும் எதற்கென்று கேட்கிறேன். காரைப்பூச்சுக்கா, எழுதிக்கொள்ளுங்கள். தூம்புக்கா, செடி எடுக்கவா, எழுதிக்கொள்ளுங்கள். டைல்ஸுக்கும் பெயின்டுக்கும் என் பணம் ஒரு ரூபாயும் இல்லை. முகம் சுளிக்கிறார்கள். ஒன்றிரண்டு பேர், “அட, நீங்க சொல்றதும் சரிதாம்மா” என்கிறார்கள்.

செல்லியம்மன் கோயிலிலிருந்து கிழக்கே அடுத்த ஊர். அங்கே ஒரு பிடாரி கோயில் இருக்கிறது. வெளியே மழையில் நனைந்த பலிபீடம், உள்ளே எட்டுக் கையோடு கல்லில் ஒரு காளி, அர்த்தமண்டபத்தின் குமுதத்தில் இரண்டு வரி எழுத்து. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அங்கேயும் பாலாலயம் முடிந்துவிட்டது, வரும் தையில் வேலை ஆரம்பம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. தரைக்கு இத்தனை சதுர அடி என்று உபயப் பட்டியலும் அதில் இருக்கிறது. கல்வெட்டு படிக்கும் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். மைப்படி எடுக்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஊர்ப் பெரியவரிடமும் பேசியாயிற்று. தரையை உயர்த்தாமல் பழைய கல்லையே எடுத்துச் சமன்செய்து திருப்பிப் பதிக்கலாம், செலவும் குறையும் என்றேன். “உபயதாரரைக் கலந்துக்கிட்டுச் சொல்றேம்மா” என்றார். மார்கழி பிறக்க இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. அவர் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் நாளைக்கு மறுபடி போன் செய்யப்போகிறேன்.